சோறு குறைச்சும் கால் அப்பிடியே: லிபிடீமா (கால், தொடையில கொழுப்புச் சேர்ந்து தடிச்சு நோகிற வருத்தம்) உள்ள ஆக்கள் நடந்ததைச் சொல்லுங்கோ

கோண்டாவில்க்காரி:
போன மாசம் ஒரு அந்தியேட்டி வீடு. பந்தியில சோத்துக்குக் கை மறிச்சுப்போட்டு, கறியளும் வறையும் மட்டும் வாங்கினன். முன்னுக்கு இருந்த மாமி என்ர காலைப் பாத்து, எல்லாருக்கும் கேக்க, "உதென்ன பிள்ளை, சோத்தை விட்டும் கால் உரல் மாதிரி அப்பிடியே கிடக்கு, பிறகேன் வயித்தைக் காயப்போடுறாய்?" எண்டா. ஒருத்தரும் வாய் திறக்கேல்லை. முந்தி எண்டால் பந்தியில எனக்குக் கதிரை வேணும். நிலத்தில இருந்தா தொடை விண் விண் எண்டு இடிக்கும். அண்டைக்குக் கடைசிவரை சப்பாணி கட்டி இருந்தன். மகன் மடியில ஏறினாலே கத்துறனான், இப்ப அவன் அதில நித்திரை கொள்ளுறான். கால் மெலியேல்லைத்தான், நோ குறைஞ்சிட்டுது. அதை ஆர் பாக்கினம்?

காரைநகர் அக்கா:
எனக்கு யானைக்கால் எண்டு பேர் வைச்சவை. கிளினிக் வரிசையில ஒரு மனுசி தன்ர பிள்ளையை இழுத்துத் தள்ளி நிப்பாட்டினா, தொத்திப்போடுமாம். இலங்கை அந்த நோயை ஒழிச்சிட்டுது எண்டு உலக சுகாதார நிறுவனம் 2016 இலேயே சொல்லிப்போட்டுது. ராத்திரி இரத்தம் எடுத்துப் பாத்தும் ஒண்டுமில்லை. கடைசியா ஒரு டொக்டர் ரெண்டாவது கால்விரலின்ர அடித்தோலைக் கிள்ளித் தூக்கினார். தோல் தூக்க வந்தது, யானைக்கால் வீக்கமெண்டால் லேசில வராதாம். "பாதம் மெலிசு, தடிப்பு கணுக்காலோட நிக்குது, ரெண்டு காலும் ஒரே மாதிரி, அமத்தினா நோகுது. இது லிபிடீமா" எண்டார். அவர் கிள்ளினதை மறக்கேலாது. அதுவரை ஒருத்தரும் என்ர காலைத் தொட்டே பாக்கேல்லை. இப்ப சோறு, பாண், இடியப்பம் எல்லாம் விட்டிட்டன். காயவைச்ச பனங்கிழங்கு மாவில காய்ச்சுற ஒடியல் கூழ் மட்டும் குடிக்கிறன். அது எங்கட பழைய சாப்பாடு, ஒண்டும் செய்யாது.

சுன்னாகத்தார்:
அக்கா, ஒடியல் மா முழுக்க மாச்சத்து. பழைய சாப்பாடு எண்டதுக்காக அது மாறாது. கூழில கிடக்கிற நண்டு, மீன், கணவாய், பயித்தங்காய் எல்லாம் நல்லது. மாவும் மரவள்ளியும்தான் ஆகாது. என்ர மனுசிக்குத்தான் இந்த வருத்தம். பிட்டை விட்ட பிறகு, கட்டில் சட்டத்தில லேசா முட்டினாலே கண்டிப்போற கால் இப்ப அவ்வளவா நீலம் பாரிக்கிறேல்லை. அவ்வளவுதான் எங்கட கதை.

ஆனா ஒண்டு சொல்லவேணும். நோர்வேயில இந்த வருத்தம் உள்ள 70 பெண்களை ரெண்டாப் பிரிச்சு 8 கிழமை பாத்தவை, 2024 இல வெளிவந்தது. ரெண்டு பகுதிக்கும் நாளுக்கு 1200 கலோரிதான். ஒரு பகுதிக்கு மாச்சத்து 75 கிராம், மற்றதுக்குக் கொழுப்புக் குறைவு. மாச்சத்துக் குறைச்சவைக்குத்தான் நோ குறைஞ்சது. எடை எவ்வளவு இறங்கினது எண்டதோட நோ இறங்கினது ஒத்துப்போகேல்லை. கோண்டாவில் தங்கச்சிக்கு நடந்ததும் இதுதான். சீனி வருத்தத்துக்கு இன்சுலின் போடுற ஆக்கள் டொக்டரிட்டைக் கேளாமல் சோத்தை நிப்பாட்டாதேங்கோ, சீனி தடாலெண்டு இறங்கி மயங்கிப்போவியள். சில குளிசையளுக்கும் இது பொருந்தும். பிள்ளைத்தாச்சியும் பால் குடுக்கிற தாயும் தொடங்கவே வேண்டாம். சோத்தை எடுத்த இடத்தில முட்டை, மீன், முருங்கையிலை வறை, கத்தரிக்காய்ப் பால்கறி வையுங்கோ. வெறும் கோப்பையோட ஒருத்தரும் கன நாள் இருக்கேலாது. இறுக்கக் காலுறையையும் விடாதேங்கோ.

மானிப்பாய் அம்மா:
75 கிராம் எண்டு எழுதுறது லேசு, தம்பி. எங்கட வீட்டில ஏழு பேருக்கு ஒரு பானை. ஆர் நிறுக்கிறது? நான் எழுத வந்தது வேற. மகள் சாமத்தியப்பட்ட கையோட தொடை தடிக்கத் தொடங்கினது. அம்மம்மா "கண்டபடி தின்னாதை" எண்டு சொல்லிச் சொல்லி, பிள்ளை ராச்சாப்பாட்டை விட்டிட்டாள். சாமத்திய வீட்டு அல்பத்தை இப்ப எடுத்துப் பாத்தா முகம் ஒட்டி, கழுத்தெலும்பு தெரியுது. பாவாடைக்குக் கீழ கால் மட்டும் அப்பிடியே. அந்தப் படத்தை என்னால திரும்பப் பாக்கேலாது. வளருற பிள்ளைக்கு ஆரும் சோத்தை நிப்பாட்டச் சொல்லாதேங்கோ.

காரைநகர் அக்கா:
தம்பி, மாவைக் குறைச்சு மீனைக் கூட்டிக் காய்ச்சுறன். கூழை நிப்பாட்ட மாட்டன், அதுக்கு மேல கேக்காதேங்கோ. மானிப்பாய்த் தங்கச்சி, பிள்ளையின்ர பாதம் மெலிசோ? காலை அமத்தினா நோகுதெண்டுறாளோ? தாய் வழியில ஆருக்கும் இப்பிடிக் கால் இருந்ததோ? முதல் அதை எழுதுங்கோ.