பழைய சாமானை வாங்கி வேறொன்றாக மாற்றியவர்கள், உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

கல்லடிக்காரி:
ஆரையம்பதியில் ஒரு பழைய வீட்டை இடிக்கப்போகிறார்கள், சாமான் விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். எனக்குத் தேவைப்பட்டது சிங்கர் கால் தையல் மெஷினின் இரும்புக் கால் மட்டும்தான். மேலே முதிரைப் பலகை போட்டு, கை கழுவும் பேசின் வைக்கிற எண்ணம். அந்த மாதிரிப் படங்களை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். காலில் கறள் இல்லை, மிதியும் லேசாக ஆடியது. விலை பேசி முடிந்த பிறகு அந்த வீட்டு மாமி கேட்டார்: "தைக்கத்தானே மகள்?"

உள்ளதைச் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. உள்ளே போய் ஸ்க்ரூ ட்ரைவர் எடுத்து வந்தார். சில்லிலிருந்து தோல் பட்டியைக் கழற்றினார், மெஷினைப் பின்பக்கம் சாய்த்தார், அடியில் இருக்கும் இரண்டு ஸ்க்ரூவையும் பார்க்காமலே தடவித் தளர்த்தினார். மெஷின் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, "அப்ப இது நிக்கட்டும், நீங்க காலக் கொண்டு போங்க" என்றார். காசிலும் பாதியைத் திருப்பி என் கையில் திணித்தார்.

பேசின் வைத்தாகிவிட்டது. வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் அழகென்று சொல்கிறார்கள். எனக்கு ஒவ்வொரு முறை கை கழுவும்போதும், பார்க்காமலே ஸ்க்ரூவைக் கண்டுபிடித்த அந்த விரல்கள்தான் நினைவுக்கு வருகின்றன.

களுவாஞ்சிக்குடி டீச்சர்:
தங்கச்சி, கோபிக்க வேண்டாம். அந்த மாமி செய்ததுதான் சரி. ஓடுகிற மெஷினைப் பிரித்து மேசையாக்குவதை என்னால் ஏற்க முடியாது. கால் மட்டும் தனியாகக் கிடைத்தால் பேசின் வையுங்கள், பூச்சட்டி வையுங்கள், அது வேறு.

நான் தையல் படிப்பிக்கிறவள். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் நின்றதே, அப்போது எங்கள் வகுப்பில் மோட்டார் மெஷின் எல்லாம் துணி போட்டு மூடிக் கிடந்தது. மூலையில் யாரோ கொடுத்துவிட்டுப் போன கால் மெஷின் ஒன்று இருந்தது. அதில் பிள்ளைகள் முறை வைத்துத் தைத்தார்கள். ஒரு பிள்ளை, தகப்பன் கடலுக்குப் போகிறவர், மண்ணெண்ணெய் இல்லாமல் வள்ளம் கரையில் நின்ற காலம் அது. அந்தப் பிள்ளை மிதிக்க மிதிக்க, "டீச்சர், இதுக்கு ஒண்டும் ஊத்தத் தேவையில்லயா?" என்று கேட்டது. தையல் மெஷின் எண்ணெய் சில துளி விட்டால் போதும் என்றேன். அந்தப் பிள்ளையின் முகத்தில் வந்த சந்தோசத்தை இன்னும் மறக்க முடியவில்லை.

சிங்கர் இலங்கைக்கு வந்தது 1877இல். ஸ்கொட்லாந்தின் கிளைட்பாங்க் தொழிற்சாலை 1885 முதல் 1980 வரை இயங்கியது, அங்கே செய்த மெஷின்கள் உலகமெங்கும் போயின. மெஷினின் வலப்பக்க அடித்தட்டில் ஓர் இலக்கம் இருக்கும். முன்னால் எழுத்து இல்லாமல் வெறும் இலக்கம் என்றால் 1900க்கு முந்தியது. எழுத்து இருந்தால் அதை வைத்து எந்தத் தொழிற்சாலை, எந்தக் காலம் என்று தேடிப் பார்க்கலாம். கழற்றுவதற்கு முதல் அதையாவது பாருங்கள். தோல் பட்டி அறுந்தது, ஓடவில்லை என்று விற்பார்கள். பட்டி இன்னும் வாங்கலாம், எண்ணெய் விட்டு ஒரு நாள் ஊறவிட்டால் இறுகின மெஷின் அநேகமாகச் சுற்றும்.

ஓடாவி மகன், காத்தான்குடி:
டீச்சர் சொல்வது மெஷினுக்குச் சரி. மரச் சாமான் அப்படியில்லை. வாப்பாவிடம் ஒரு குடும்பம் பெட்டகம் ஒன்றைக் கொண்டு வந்தது. உம்மாவுக்கு உம்மா சீதனமாகக் கொண்டு வந்த பெட்டகம், நல்ல தேக்கு, பித்தளைப் பூட்டு. எங்கள் பக்கம் வீடு மகளுக்குத்தானே போகும், வீட்டோடு பெட்டகமும் போகும். இப்போது அந்த மகள் கட்டின புது வீட்டில் அறை சின்னது. அறுத்து டீவி ஸ்டாண்ட் செய்யச் சொன்னார்கள். வாப்பா கோடு போட்டு வாளைக் கையில் எடுத்தபோதுதான் மூடியின் உட்பக்கம் பென்சில் எழுத்துத் தெரிந்தது. பிள்ளைகள் பிறந்த திகதியும் நேரமும், ஒன்றன் கீழ் ஒன்று. கடைசிப் பெயருக்கு நேரே மௌத்தான, அதாவது இறந்த, திகதியும் இருந்தது.

வாப்பா வாளைக் கீழே வைத்துவிட்டு அந்த ராத்தாவைக் கூப்பிட்டுக் காட்டினார். ராத்தா நெடுநேரம் பார்த்தார். பிறகு, "அறுங்க காக்கா, ஆனா எழுத்துல வாள் படக்கூடாது" என்றார். அந்தப் பலகையை அப்படியே கதவாக்கி, எழுத்து உட்பக்கம் வரும்படி பூட்டிக் கொடுத்தார் வாப்பா. வெட்டாமல் விட்டிருந்தால் அந்தப் பெட்டகம் கோழிக் கூட்டுக்குப் பக்கத்தில் கறையானுக்குப் போயிருக்கும். கறையானிடம் விடுவதைவிட அறுப்பது மேல்.

பழைய மரம் வாங்குகிறவர்களுக்குச் சில விஷயம். முதலில் சாமானைக் கவிழ்த்துப் பாருங்கள், மேல்பக்கம் பொலிஷ் அடித்து மறைத்திருப்பார்கள், அடிப்பக்கம் மறைக்க மாட்டார்கள். சிறு ஓட்டைகள் இருந்தால் பயப்படத் தேவையில்லை, ஓட்டைக்குக் கீழே புதிதாக மா மாதிரித் தூள் கொட்டியிருந்தால்தான் பூச்சி உயிரோடு இருக்கிறது. தட்டினால் பொத்துச் சத்தம் வந்தால் கறையான். மூட்டுகளில் ஆணி அடிக்காமல் பொளிந்து மாட்டியிருந்தால் அது கைவேலை, தயங்காமல் எடுங்கள். அடுத்தது பெயிண்ட். பழைய கதவு, யன்னல், தொட்டில்களில் அடித்த பெயிண்டில் ஈயம் இருக்கலாம். நம் நாட்டில் பெயிண்டில் ஈயத்துக்குக் கட்டாய வரம்பு வந்தது 2013இல்தான். அதற்கு முந்திய பெயிண்டைக் காய்ந்த நிலையில் சான்ட் பேப்பர் போட்டுத் தேய்க்கவே கூடாது, அந்தத் தூசி சின்னப் பிள்ளைகளின் மூளையைப் பாதிக்கும். தண்ணீர் நனைத்துத் தேய்த்து, வந்த கழிவை ஈரத்தோடு அள்ளிக் கட்டுங்கள். முற்றத்தில் கொட்டிக் கோழி கிளற விடாதீர்கள். பழைய தொட்டிலைப் புத்தக ராக்கை ஆக்குகிறவர்கள் இதைக் கட்டாயம் கவனியுங்கள்.

மருதமுனைத் தறிவீட்டுப் பிள்ளை:
மரத்தைப் பற்றிச் சொன்னது நல்லது காக்கா. துணியை யாரும் பேசவில்லையே. பழைய சாரன், கைத்தறிச் சேலை வாங்கி, ஒட்டுத் தையலில் பையும் படுக்கை விரிப்பும் செய்கிறேன். எங்கள் ஊர்த் தறியில் நெய்த சாரன் தேயத் தேய மெதுவாகும், அந்த மெது புதுத் துணியில் வராது.

கல்முனையில் ஒரு விற்பனையில் கடை போட்டிருந்தேன். ஓர் அக்கா நீலக் கரை வைத்த பையை எடுத்துத் தோளில் போட்டுப் பார்த்தார். மிகவும் பிடித்துவிட்டது என்று முகத்திலேயே தெரிந்தது. பிறகு திடீரென்று, "இது ஆர்ட சேலை?" என்று கேட்டார். ஒரு வீட்டில் வாங்கியது என்றேன். "மோசம் போனவங்கட உடுப்பா?" என்றார், இறந்தவர்களுடையதா என்று. தெரியாது என்றேன், எனக்கு உண்மையிலேயே தெரியாது. அவர் பையின் வாரை மடித்து, எடுத்த இடத்திலேயே மெல்ல வைத்துவிட்டுப் போனார். கோபமாகவாவது வைத்திருக்கலாம் என்று தோன்றியது.

அதிலிருந்து துணி வாங்கும்போது யாருடையது, ஏன் கொடுக்கிறார்கள் என்று கேட்டு எழுதி வைக்கிறேன், விற்கும்போது சொல்கிறேன். உம்மா இதற்குச் சம்மதமில்லை, சொன்னால் வியாபாரம் கெடும் என்கிறார். அந்த அக்காவின் கேள்வி நியாயமானது, அதற்கு விடை வைத்திருக்க வேண்டியது விற்கிறவள்தான் என்பது என் கருத்து.

பொத்துவில் தம்பி:
விடை வைத்திருப்பது பற்றிப் பேசுவதால் இதைச் சொல்ல வேண்டும். அறுகம்பைப் பக்கம் ஒரு கடையில், பழைய வீட்டு ஓட்டில் கொக்கி மாட்டிச் சுவர் அலங்காரமாக விற்கிறார்கள். ஓட்டில் பாசல் மிஷன் என்றும் 1865 என்றும் அச்சு இருக்கிறது. அலைச்சறுக்க வந்த ஒரு வெள்ளைக்காரப் பெண்ணிடம், இது 1865இல் செய்த ஓடு என்று சொல்லிப் பெரிய விலை கேட்டார்கள். அந்தப் பெண் ஓட்டை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றதை நான் பார்த்தேன்.

1865 என்பது பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ மிஷன் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய வருடம். ஓடு செய்த வருடமில்லை. பிறகு செய்த ஓடுகளிலும் அதே அச்சுத்தான். முதலாம் உலகப் போருக்குப் பிறகு மிஷனின் தொழிற்சாலைகள் கொமன்வெல்த் ட்ரஸ்ட் என்ற கம்பனியின் கைக்குப் போயின, ஆகவே பாசல் மிஷன் பெயர் இருந்தால் நூறு வருடம் பழையது என்று தைரியமாகச் சொல்லலாம். உண்மையே அவ்வளவு பெரிதாக இருக்கும்போது பொய் எதற்கு? எங்கள் அம்மப்பா 1978 நவம்பர் 23 சூறாவளிக்குப் பிறகு ஊரெல்லாம் பறந்து கிடந்த ஓட்டில் உடையாததைப் பொறுக்கி வந்து குசினிக் கூரை போட்டவர். அந்த ஓட்டுக்கு அந்தக் கதை போதாதா?

கல்லடிக்காரி:
தம்பி, அந்தப் பெண்ணிடம் சொன்னீர்களா?

பொத்துவில் தம்பி:
சொன்னேன் அக்கா. கடைக்காரர் இன்றைக்கும் என்னோடு பேசுவதில்லை. அவள், கடையில் சொன்ன விலையில் பாதி கொடுத்து வாங்கிக்கொண்டுதான் போனாள்.

களுவாஞ்சிக்குடி டீச்சர்:
ஓடாவி மகன், ஒரு கேள்வி. எங்கள் வீட்டுச் சாய்மனைக் கதிரையின் பிரம்பு தொய்ந்து கிடக்கிறது, அறவில்லை. மகன் பிளாஸ்டிக் வயர் பின்னலாம் என்கிறான். எனக்கு மனமில்லை.

ஓடாவி மகன், காத்தான்குடி:
பிளாஸ்டிக் வேண்டாம் டீச்சர். பிரம்பு ஈரத்தில் நெகிழும், காயும்போது இறுகும். கதிரையைக் கவிழ்த்து, பின்னலின் அடிப்பக்கத்தில் ஈரத்துணியைப் பரப்பி அரை மணித்தியாலம் விடுங்கள். மேல்பக்கம் நனைய வேண்டாம், பொலிஷ் போய்விடும். பிறகு நிழலில் காய வையுங்கள், முழுதாகக் காயும்வரை யாரும் உட்காரக் கூடாது. அறாத பின்னல் என்றால் நன்றாக இழுத்துக்கொள்ளும். அப்படியும் இறுகவில்லை என்றால் கதிரையை ஓட்டோவில் ஏற்றி அனுப்புங்கள், வாப்பா பார்ப்பார்.