பெரிய வீடு குழு: சனிக்கிழமை படப்பிடிப்பு

நான்: எல்லாரும் முழுவதும் படியுங்கள், கட்டைவிரலை மட்டும் போட்டுவிட்டுப் போக வேண்டாம். கல்லூரியில் குழுப் பணியாக ஒரு குறும்படம் எடுக்கிறோம், மொத்தம் ஐந்து பேர். ஒரே டேக்கில் எடுக்க வேண்டும். காமிராவை ஓடவிட்டால் படம் முடிகிறவரை நிறுத்தக் கூடாது, 11 நிமிடம், நடுவில் வெட்டே கிடையாது. சனிக்கிழமை நம் வீட்டில் எடுக்கிறோம். மாலை 4 முதல் 6 வரை யாரும் உள்ளே வரவோ வெளியே போகவோ போன் பண்ணவோ வேண்டாம்.

சின்ன அத்தை: 👍

அண்ணன்: கட்டைவிரல் வந்தாச்சு

பெரியம்மா: எந்த சனி

நான்: வருகிற சனி பெரியம்மா

மாமா: எத்தனை ரீல்?

நான்: ரீல் இல்லை மாமா, போனில் எடுக்கிறோம்.

மாமா: அதனால்தான் இவ்வளவு சுலபமாகச் சொல்கிறாய். நான் தியேட்டரில் ஆபரேட்டராக இருந்த காலத்தில் 35 எம்எம் சுருளில் 1000 அடி என்றால் 11 நிமிடம், அவ்வளவுதான். காமிராவிலும் அதற்கு மேல் போடும் வழக்கம் இல்லை. ஹிட்ச்காக் என்ற டைரக்டர் 1948இல் ரோப் என்ற படத்தை எடுத்தபோது முழுப் படமும் ஒரே ஷாட் மாதிரித் தெரிய வேண்டும் என்று ஆசைப்பட்டார், ஆனால் பத்துப் பதினோரு நிமிடத்துக்கு மேல் சுருள் இருக்காதே. என்ன செய்தார் தெரியுமா, காமிராவை ஒரு ஆளின் முதுகில் போய் முட்டவிட்டார், திரை முழுக்கக் கோட்டுத் துணி, ஒரே இருட்டு, அங்கே சுருளை மாற்றிவிட்டு அதே முதுகிலிருந்து மறுபடி கிளம்பினார்.

அண்ணன்: மாமா ஆரம்பித்துவிட்டார்

அம்மா: கதை என்ன என்றாவது சொன்னாயா அவர்களுக்கு

நான்: பாட்டியின் மூக்குக்கண்ணாடி காணவில்லை. பேத்தி முன் வாசலிலிருந்து தேடிக்கொண்டே ஒவ்வொரு அறையாகப் போகிறாள், ஒவ்வொரு அறையிலும் ஒருத்தர் ஒன்று சொல்கிறார்கள், கடைசியில் பின்கட்டில் பாட்டி.

பெரியம்மா: கண்ணாடி தேட 11 நிமிடமா

அண்ணன்: நிஜத்தில் நாற்பது ஆகும். உண்மைக்கு நெருக்கமாக எடுக்கவில்லை என்று மதிப்பெண் குறைப்பார்கள்.

சின்ன அத்தை: பாட்டியாக யார்

நான்: பாட்டிதான் 😀 ஒரே ஒரு வசனம்.

பாட்டி: 🎤 0:41

அம்மா: அத்தை என்ன சொல்கிறார், எனக்குத் திறக்கவில்லை

அண்ணன்: முதல் முப்பது வினாடி மூச்சு வாங்குகிறார், பிறகு "எந்தப் புடவை" என்கிறார்.

நான்: புடவை பற்றித் தனியாகப் பேசுவோம். இப்போது நிஜமான பிரச்சினைக்கு வருகிறேன். முன்கட்டிலிருந்து பின்கட்டுக்குப் போக நடுக்கதவு வழியாகப் போக வேண்டும்.

நான்: யாரும் பதில் சொல்லவில்லையே

சின்ன அத்தை: எல்லாரும் படித்துவிட்டார்கள், இரண்டு நீலக்கோடு தெரிகிறது 

பெரியப்பா: அந்தக் கதவைப் பற்றிக் குழுவில் பேச வேண்டாம்.

அண்ணன்: வெட்டி ஒட்ட முடியாதா? இந்தப் பக்கம் பாதி எடு, அந்தப் பக்கம் பாதி எடு, மாமா சொன்ன முதுகு மாதிரி நடுவில் கதவைக் காட்டிவிட்டு

நான்: அதைத்தான் செய்யக் கூடாது என்று நிபந்தனையே. மறைத்து வெட்டினால் கண்டுபிடித்துவிடுவார்கள், ஃபைலை எடிட் பண்ணாமல் அப்படியே கொடுக்க வேண்டும்.

பெரியம்மா: வாசலுக்கு வந்து சந்து வழியாகச் சுற்றிப் போகலாமே. ஒன்பது வருஷமாக எல்லாரும் அப்படித்தானே போகிறோம்

நான்: ஒத்திகையில் அப்படித்தான் போய்ப் பார்த்தோம் பெரியம்மா. சந்தைக் கடக்க 50 வினாடி ஆகிறது, அதில் ஒன்றுமே நடப்பதில்லை. சாதாரணப் படம் என்றால் வெட்டிவிட்டு அடுத்த அறையில் நிற்கலாம், இதில் நடக்கிற நேரமும் படம்தான். அதைவிட மோசம் வெளிச்சம். உள்ளே இருட்டுக்கு எக்ஸ்போஷரை, அதாவது காமிரா வாங்குகிற வெளிச்ச அளவை, பூட்டி வைத்தால் வெளியே போனதும் எல்லாம் வெள்ளையாக வெந்துவிடுகிறது, பூட்டாமல் விட்டால் போனே கூட்டிக் குறைத்துத் திரை மூச்சு விடுகிற மாதிரி இருக்கிறது. நடுக்கதவு வழியாகப் போனால் இரண்டு பக்கமும் ஒரே அளவு இருட்டு.

மாமா: எங்கள் காலத்தில் புரொஜெக்டரும் இரண்டு இருக்கும். ரீல் முடியப்போகிறது என்றால் திரையில் வலது மேல் மூலையில் ஒரு புள்ளி வரும். முதல் புள்ளிக்கு அடுத்த மெஷினின் மோட்டாரை ஓடவிட வேண்டும், ஏழெட்டு வினாடியில் இரண்டாவது புள்ளி, அப்போது மாற்ற வேண்டும். கண் சிமிட்டினால் போச்சு, அரங்கம் முழுக்க விசில்.

அண்ணன்: மாமா, கதவு

மாமா: கதவுக்குத்தான் வருகிறேன்.

(அவர் வரவில்லை.)

அப்பா: சாவி பெரியப்பாவிடம் இருக்கிறது. அவரிடம் கேள்.

பெரியப்பா: உன் அப்பாவிடம் சொல், சாவி என்னிடம் கிடையாது. அன்றைக்கே கொடுத்துவிட்டேன்.

அப்பா: எனக்கு யாரும் எதையும் கொடுக்கவில்லை என்று அவரிடம் சொல்.

நான்: இரண்டு பேரும் இதே குழுவில்தான் இருக்கிறீர்கள் 🙏

சின்ன அத்தை: சாவி கிடைத்தால் மட்டும் போதுமா? அந்தக் கதவை அடைத்து என் பீரோ நிற்கிறது.

அம்மா: உன் பீரோவா

சின்ன அத்தை: என் கல்யாண பீரோ அண்ணி. இடமில்லை என்று ஆறு மாதத்துக்கு வைத்துவிட்டுப் போனேன்.

அம்மா: ஆறு மாதம் எந்தக் கணக்கு என்று தெரியவில்லை. உள்ளே என் பொருள்தான் முழுக்க இருக்கிறது. இவ்வளவு நாளும் அது யாருடையது என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

சின்ன அத்தை: யாரும் கேட்காவிட்டால் என்ன, நான் சொல்லத்தானே செய்தேன்

பெரியம்மா: அந்தப் பீரோவைத் தள்ளியபோது தரை கீறியது, இன்னும் கோடு இருக்கிறது

🚫 இந்தச் செய்தி நீக்கப்பட்டது

அண்ணன்: என் அப்பா என்னவோ போட்டுவிட்டு அழித்துவிட்டார். நான் படித்துவிட்டேன்.

பெரியப்பா: கை தவறிப் பட்டது.

நான்: பீரோவை நாங்கள் ஐந்து பேரும் நகர்த்துகிறோம், முடிந்ததும் அதே கோட்டில் வைத்துவிடுகிறோம். இன்னும் சில விஷயங்கள். கூடத்துக் கண்ணாடியைத் துணி போட்டு மூடுவோம், இல்லாவிட்டால் காமிரா பிடிப்பவன் தெரிவான், அவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடக்கிற நானும் தெரிவேன். நிலைப்படிகள் உயரம், போனையே பார்த்துக்கொண்டு நடக்கிறவனுக்குத் தெரியாது, இரண்டு முறை இடித்துக்கொண்டான், அதனால் படி வரும்போதெல்லாம் நான் இடுப்பில் ஒரு தட்டு தட்ட வேண்டும். நடிப்பவர்கள் நிற்க வேண்டிய இடத்தில் தரையில் டேப் ஒட்டுவோம். மின்விசிறி, ஃப்ரிட்ஜ் எல்லாம் அணைக்க வேண்டும், ஓடினால் ஒலியில் "ம்ம்ம்" என்று கடைசிவரை கேட்கும்.

அம்மா: டேப் பசை தரையில் நிற்கும்

அம்மா: ஃப்ரிட்ஜ் அணைத்தால் மறுபடி போட நினைவு இருக்குமா உனக்கு

நான்: அதற்கு ஒரு வழி இருக்கிறது, ஒலிப்பதிவு செய்கிறவர்கள் எல்லாரும் செய்வது. வண்டிச் சாவியை ஃப்ரிட்ஜுக்குள் வைத்துவிடுவார்கள். கிளம்பும்போது சாவியைத் தேடினால் ஃப்ரிட்ஜ் நினைவு வரும்.

அப்பா: யார் வண்டிச் சாவி?

அண்ணன்: நடுக்கதவுச் சாவியும் அங்கேதான் இருக்கும், பாருங்கள்

அப்பா: என் வண்டிச் சாவியைத் தொட வேண்டாம்.

பெரியம்மா: எத்தனை முறை எடுப்பீர்கள்? ஒரு முறைதானே?

நான்: ஒரே டேக் என்றால் ஒரே முறை இல்லை பெரியம்மா, தப்பு வந்தால் முதலிலிருந்து. 10 நிமிடம் சரியாகப் போய்ப் பதினோராவது நிமிடத்தில் யாராவது தும்மினாலும் முதலிலிருந்து. எல்லாப் பொருளையும் பழைய இடத்தில் வைக்க இருபது நிமிடம், வெயில் மாறிவிடும், கணக்குப் போட்டால் ஒரு மாலையில் மூன்று முறை, மிஞ்சிப்போனால் நான்கு. ரஷ்யன் ஆர்க் என்று 2002இல் வந்த படம், ஹெர்மிடாஜ் அருங்காட்சியகத்தில் 33 அறைகளைச் சுற்றி ஒரே டேக்கில் எடுத்தார்கள், அவர்களுக்கே நான்காவது முயற்சியில்தான் சரியாக வந்தது. அவர்களுக்கு 33 அறைக்கும் அனுமதி கிடைத்தது, நான் ஒரு கதவுக்குக் கெஞ்சிக்கொண்டிருக்கிறேன்.

அண்ணன்: 😂😂

பெரியம்மா: பாட்டியால் நான்கு முறை உட்கார முடியுமா

பாட்டி: 🎤 1:12

சின்ன அத்தை: யாராவது கேட்டுவிட்டுச் சொல்லுங்கள், நான் பேருந்தில் இருக்கிறேன்

அண்ணன்: நாற்பது முறையும் உட்காருவாராம். அப்புறம் அந்தக் கதவுக்குப் பூட்டே கிடையாதாம். சாவியும் கிடையாது, எப்போதும் இருந்ததில்லை. இந்தப் பக்கம் ஒரு தாழ்ப்பாள், அந்தப் பக்கம் ஒரு தாழ்ப்பாள், "இரண்டு பேரும் அவரவர் பக்கம் போட்டுக்கொண்டு சாவியைத் தேடுகிறார்கள்" என்கிறார். கடைசி பத்து வினாடி மறுபடி புடவை.

அம்மா: ஆமாம், இந்தப் பக்கம் தாழ்ப்பாள்தான். பீரோ மறைத்துக்கொண்டு மறந்தே போச்சு

நான்: அப்பா? பெரியப்பா?

நான்: வெள்ளிக்கிழமை ஒத்திகைக்கு முன்னால் தெரிந்தால் நன்றாக இருக்கும், டேப் ஒட்ட வேண்டும்

மாமா: நான் சொல்ல வந்தது இதுதான். எங்கள் தியேட்டரில் இரண்டு மெஷினையும் ஒரே ஆள் பார்க்க முடியாது. அந்தப் பக்கம் ஒருத்தன், இந்தப் பக்கம் ஒருத்தன் நிற்க வேண்டும், புள்ளி வந்ததும் இரண்டு கையும் ஒன்றாக வேலை செய்ய வேண்டும்.

அண்ணன்: மாமா கதவுக்கு வந்துவிட்டார்!!

பெரியம்மா: தண்ணீர் வருகிறதா முன்கட்டில்? இங்கே குழாயில் காற்றுதான்

அம்மா: இங்கேயும் இல்லை

சின்ன அத்தை: மோட்டார் போட்டீர்களா

அம்மா: காலையிலேயே போட்டாச்சு

பெரியப்பா: அந்தக் கதவு ரொம்ப சத்தம் போடும். ஒலிப்பதிவு கெடும் என்கிறாளே. எண்ணெய் விட வேண்டுமா.

அப்பா: மேல் கீலுக்கு மட்டும் விட்டால் போதும்.

மாமா: யாரும் எண்ணெய் விடாதீர்கள். அந்தக் கிறீச் சத்தம் எங்கே கிடைக்கும்.

நான்: அப்போ திறக்கிறோமா?

சின்ன அத்தை: பீரோவை எந்தப் பக்கம் தள்ளப் போகிறீர்கள், அதை முதலில் சொல்லுங்கள்