அமிர்தசரஸில் அம்மாவும் செருப்பும்

அமிர்தசரஸ் போய்வந்தவர்கள் எல்லோரும் பொற்கோயிலின் தங்கத்தையே சொல்கிறார்கள். எனக்கு முதலில் ஞாபகம் வருவது அங்கே செருப்பு விடும் இடம்தான்.

போன டிசம்பரில் அம்மாவைக் கூட்டிப்போயிருந்தேன். கவுண்டருக்குள்ளே வெள்ளைத் தாடியோடு ஒரு பெரியவர் கை நீட்டினார். அம்மா அசையவில்லை. "வயசுல பெரியவர் கையில செருப்பைக் குடுக்கறதாடா?" பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது. அவரே எட்டி வாங்கி, எண் போட்ட டோக்கனைக் கொடுத்தார். "சம்பளத்துக்கு இல்லம்மா, சேவை" என்றேன். "அதனாலதான் கூசுது" என்றார்.

லங்கரில், அதாவது கோயிலின் பொதுச் சாப்பாட்டுக் கூடத்தில், அடுத்த கூத்து. தரையில் பந்தி. ரொட்டி வந்ததும் அம்மா வலது கையை மட்டும் நீட்ட, பரிமாறியவர் காத்து நின்றார். பக்கத்தில் இருந்த அம்மாள் இரு கைகளையும் குவித்துக் காட்டினார். ரொட்டிக்கு அங்கே பேரே 'பர்ஷாதா'. நம்ம பிரசாதம்தான்! அம்மாவுக்கு உடனே பிடிபட்டுவிட்டது. தால் நன்றாக இருந்தது, கீரில் இனிப்பு கொஞ்சம் தூக்கல்.

அங்கிருந்து ஜாலியன்வாலா பாக் நடக்கிற தூரம்தான். அந்தக் குறுகலான சந்தில் கவச வண்டிகள் நுழைய முடியாமல்தான் ஆங்கிலேய ஜெனரல் டயர் அவற்றை வெளியே நிறுத்தினான். 1919 ஏப்ரல் 13, பைசாகி நாள். பத்து நிமிஷத்தில் 1,650 தோட்டாக்கள். அரசுக் கணக்கில் மட்டும் 379 பேர் பலி. இப்போது சந்தின் சுவர் முழுக்கச் சிற்பங்கள். வெறும் சுவராகவே விட்டிருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. உள்ளே சுவரில் குண்டு பட்ட இடங்களைச் சுற்றி வெள்ளைக் கட்டம் போட்டிருக்கிறார்கள். அம்மா ஒவ்வொன்றாக எண்ணத் தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டார். அன்று உயிர் தப்ப மக்கள் குதித்த கிணற்றடியில் இளைஞர்கள் சிலர் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு விலகி வந்தார்.

மறுநாள் மத்தியானம் ரயில். காலையில் "இன்னொரு தடவை கோயிலுக்குப் போய்ட்டு வந்துடலாம்" என்றார். செருப்பை இந்தத் தடவை அவரே கழற்றி, இரண்டு கையாலும் கொடுத்தார். வேறொருவர் இருந்தார், அவருக்கு ஒன்றும் புரிந்திருக்காது. உள்ளே போனதும் அம்மா பூண்டு உரிக்கும் பெண்களோடு உட்கார்ந்துவிட்டார். ஒரு வார்த்தை பஞ்சாபி தெரியாது. ஒரு மணி நேரம் கழித்து நான்தான் போய்க் கிளப்ப வேண்டியதாயிற்று. ரயில் முழுக்கப் பூண்டு வாசனை.