மறு: என்கேஜ்மென்ட் என்பதற்கு ‘ஈடுபாடு’ போதுமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

சமூக ஊடகப் பதிவு ஒன்றுக்குக் கிடைக்கிற விருப்பம், கருத்து, பகிர்வு எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்கிற ‘என்கேஜ்மென்ட்’ என்ற ஒரு சொல்லைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று தொடங்கிய இந்த இழை இப்போது ஈடுபாடு, ஊடாட்டம், எதிர்வினை, துலங்கல் என்று நான்கு கட்சிகளாகப் பிரிந்து நிற்கிறது. சொல்லைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டுப் பொருளைப் பார்க்கலாமா? நாம் தமிழாக்கிக்கொண்டிருக்கும் அளவீட்டுப் பலகையில் (பதிவுகளுக்குக் கிடைத்த எண்களைக் காட்டும் ‘டாஷ்போர்டு’) வரும் பதிவுகள் எல்லாமே பணிக்கருவிகளைப் பற்றியவை. விரிதாளில் ஒரு குறுக்குவழி, வடிவமைப்பு மென்பொருளில் ஓர் உத்தி, நிரல் எழுதும் செயலிக்கு ஒரு நீட்சி, கூட்டக் குறிப்பைத் தானே எழுதித்தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவி, இப்படி. இந்த வகைப் பதிவு எதனால் பிரபலமாகிறது என்று பார்த்தால், எந்தச் செயலுக்கு நமக்குப் பெயர் இல்லை என்பதும் தெரிந்துவிடும்.

(‘பணிக்கருவி’ என்றே எழுதுகிறேன். ஆங்கில ‘புரொடக்டிவிட்டி டூல்’ என்பதை ‘உற்பத்தித்திறன் கருவி’ என்றால் ஆலை இயந்திரம்தான் கண்முன் வருகிறது. இதில் பெரிய மறுப்பு இருக்காது என்று நம்புகிறேன்.)

> ஈடுபாடு எல்லோருக்கும் புரிகிறது. இதழ்களிலும் வந்துவிட்டது. அதைப் போய் மாற்றுவானேன்?

புரிகிறது, சரி. ஆனால் ஈடுபாடு மனத்தில் இருப்பது. இசையில் ஈடுபாடு, அரசியலில் ஈடுபாடு என்கிறோம். பலகை எண்ணுவதோ விரல் செய்த வேலையை. ஒருவர் ஒரு பதிவை நின்று நிதானமாகப் படித்துவிட்டு எதையும் தொடாமல் போகிறார். ஈடுபாடு உண்டு, கணக்கில் வராது. இன்னொருவர் படிக்காமலே இதயத்தைத் தட்டிவிட்டு நகர்கிறார். கணக்கில் வரும், ஈடுபாடு எங்கே? ‘ஈடுபாடு 4 விழுக்காடு’ என்று படிக்கும்போது ஏதோ உறுத்துவது இதனால்தான்.

அதைவிடப் பெரிய சங்கடம் ஒன்று இருக்கிறது. வெவ்வேறு காரணங்களால் நடக்கிற செயல்களை ஒரே குடையின் கீழ் கூட்டிப்போடுகிறோம். லிஸெட் டி விரீஸும் அவருடைய சக ஆய்வாளர்களும் 11 பன்னாட்டு வணிகப் பெயர்களின் 355 பதிவுகளை ஆராய்ந்து 2012-இல் வெளியிட்ட கட்டுரை இதைத்தான் காட்டியது. விருப்பங்களைக் கூட்டுவது ஒன்று, கருத்துகளைக் கூட்டுவது வேறொன்று. கேள்வி கேட்கிற பதிவுக்குக் கருத்துகள் கூடுகின்றன, விருப்பங்களோ குறைகின்றன. இரண்டையும் கூட்டி ஒரே எண்ணாக்கினால் ஏறியது எது, இறங்கியது எது என்பதே மறைந்துபோகும்.

அதே 2012-இல் ஜோனா பெர்கரும் கேத்தரின் மில்க்மனும் நியூயார்க் டைம்ஸ் இதழின் ஏறத்தாழ 7,000 கட்டுரைகளை எடுத்துக்கொண்டு, மின்னஞ்சலில் அதிகம் அனுப்பப்பட்டவை எவை என்று பார்த்தார்கள். வியப்பு, சினம், பதற்றம் என உள்ளத்தைக் கிளறுகிறவை அதிகம் போயின. சோகம் அவ்வளவாகப் போகவில்லை. இந்த ஆய்வைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். நமக்கு வேண்டியது அதற்கு அடுத்த வரி: நடைமுறைப் பயன் உள்ளவையும் அதிகம் அனுப்பப்பட்டன.

பணிக்கருவிப் பதிவில் இந்தப் பயன் எப்படி வேலை செய்கிறது என்று ஒன்றைக் கிட்டப்போய்ப் பார்க்கலாம். எக்செலில் 2013 பதிப்பு முதல் கன்ட்ரோல் + இ உண்டு. ஒரு பத்தி நிறைய முழுப்பெயர்கள். பக்கத்துப் பத்தியின் முதல் கட்டத்தில் முன்பெயரை மட்டும் தட்டுகிறோம். அடுத்த கட்டத்துக்கு வந்து அந்த இரண்டு விசைகளையும் அழுத்துகிறோம். மீதிப் பெயர்கள் எல்லாம் கடகடவென்று நிரம்பிவிடும். வாய்பாடு எதுவும் எழுத வேண்டியதில்லை. இதைக் காட்டப் பத்து விநாடிக் காணொளி போதும். முதல் விநாடியில் பார்ப்பவருக்குத் தன் தொல்லை தெரிகிறது, கடைசி விநாடியில் அது தீர்ந்துவிடுகிறது. கருவியின் பெயரைச் சொல்லி ஆரம்பிக்கிற பதிவைவிடத் தொல்லையைக் காட்டி ஆரம்பிக்கிற பதிவு எடுபடுவதற்கு இதுதான் காரணம். புதிதாக எதையும் நிறுவ வேண்டாம், காசு கட்ட வேண்டாம், மேலாளரிடம் அனுமதி கேட்க வேண்டாம். எல்லோர் கணினியிலும் ஏற்கெனவே கிடக்கிற கருவி. அரிய கருவியைப் பற்றிய அருமையான பதிவு, சாதாரணக் கருவியைப் பற்றிய சாதாரணப் பதிவிடம் தோற்பதைப் பலரும் பார்த்திருப்பீர்கள்.

ஆனால் இந்தக் காணொளியை அவர் பார்ப்பது கைப்பேசியில். படுக்கையிலோ பேருந்திலோ வரிசையில் நிற்கும்போதோ. எக்செல் இருப்பது அலுவலகக் கணினியில். பார்க்கிற இடம் வேறு, பயன்படுத்துகிற இடம் வேறு. உடனே செய்து பார்க்க முடியாது, விட்டுவிடவும் மனமில்லை. அந்த நேரத்தில் விரல் போவது இதயத்துக்கு இல்லை, பதிவைப் பிறகு பார்க்க ‘சேவ்’ செய்துவைக்கும், ஓரத்தில் இருக்கிற நாடாக் குறிக்கு. பணிக்கருவிப் பதிவை மற்றப் பதிவுகளிலிருந்து பிரிக்கிற செயல் இதுதான் என்பது என் கருத்து. இதற்குத்தான் நம்மிடம் பெயர் இல்லை. மேலே சொன்ன நான்கு கட்சிகளில் எதுவுமே இதைத் தொடவில்லை.

> பயனுள்ள பதிவு என்றால் விருப்பமும் பகிர்வும் தானே கூடுமே? சேவ் பண்ணுவதை மட்டும் ஏன் தனியாகப் பிரிக்கிறீர்கள்?

எப்போதும் கூடுவதில்லை, அதுதான் வேடிக்கை. விருப்பம் பலர் பார்க்க நடக்கிற செயல். லிங்க்ட்இனில் நீங்கள் விரும்பிய பதிவு உங்கள் தொடர்பில் இருப்பவர்களின் ஓடைக்கும் (‘ஃபீட்’) போகும். அந்தத் தொடர்பில் உங்கள் மேலாளரும் இருப்பார். பத்து வருடமாக விரிதாளில் உழைக்கிற ஒருவர் ‘எக்செலில் பெயரைப் பிரிப்பது எப்படி’ என்ற பதிவை ஊரறிய விரும்பினால், இது இத்தனை நாள் தெரியாதா என்ற கேள்வி வரும். அதனால் சத்தமில்லாமல் எடுத்து வைத்துக்கொள்வார். வேண்டுமானால் பக்கத்து இருக்கை நண்பருக்குத் தனிச்செய்தியில் அனுப்புவார். (நியூயார்க் டைம்ஸ் ஆய்வு எண்ணியதும் இப்படி மின்னஞ்சலில் அனுப்பியதைத்தான், ஊரறியப் பகிர்ந்ததை அல்ல.) வெளியே பார்த்தால் இரண்டு பேர் விரும்பிய பதிவு, உள்ளே கணக்கைத் திறந்தால் வேறு கதை.

ஊரறியப் பகிர்வதற்கு வேறு சரக்கு வேண்டும். மார்ச்1, செப்ட்1 போன்ற மரபணுக் குறியீடுகளை எக்செல் தேதி என்று நினைத்து மாற்றிவிடுகிறது என்பதால், 2020-இல் மரபணுப் பெயரிடும் குழு அந்தப் பெயர்களையே மார்ச்எஃப்1, செப்டின்1 என்று மாற்றிக்கொண்டது நினைவிருக்கும். மென்பொருளின் நடத்தையை மாற்றுவதைவிட மனித மரபணுவின் பெயரை மாற்றுவது எளிதாகப் போய்விட்டது! (அந்தத் தானியங்கி மாற்றத்தை நிறுத்திவைக்கும் வசதி 2023-இல்தான் பரவலாக வந்தது.) அதே 2020 அக்டோபரில் இங்கிலாந்தில் ஏறத்தாழ 16,000 கொரோனாத் தொற்றுகள் அன்றாடக் கணக்கில் விடுபட்டிருந்தது தெரியவந்தது. பழைய எக்ஸ்எல்எஸ் கோப்பில் 65,536 வரிசைகளுக்கு மேல் இடம் கிடையாது, அதைத் தாண்டியவை விழுந்துவிட்டன. இந்தக் கதைகளும் பணிக்கருவிப் பதிவுகள்தான். இவற்றைப் படித்தவர்கள் சிரித்தார்கள், தலையில் அடித்துக்கொண்டார்கள், பகிர்ந்தார்கள். நாளைக்கு வேலைக்கு ஆகும் என்று யார் எடுத்து வைக்கப்போகிறார்கள்?

சண்டைப் பதிவு இன்னொரு வகை. நிரல் எழுத விம்மா ஈமாக்ஸா, வரியைத் தள்ளி எழுத டேப் விசையா ஸ்பேஸ் விசையா, எக்செலில் தேடி எடுக்க வி-லுக்அப்பா எக்ஸ்-லுக்அப்பா. கருத்துகள் நூற்றுக்கணக்கில் வரும், புதிதாக யாரும் எதையும் கற்றிருக்க மாட்டார்கள். இதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை.

விரும்புவதும் எடுத்து வைப்பதும் ஒன்றல்ல என்பதற்கு ட்விட்டரின் கதையே சாட்சி. அங்கே முதலில் நட்சத்திரம் இருந்தது. பலர் அதைப் பாராட்டாகப் பயன்படுத்தவில்லை. பிறகு படிக்க வேண்டிய சுட்டிகளுக்கு அடையாளமாக வைத்திருந்தார்கள். 2015 நவம்பரில் நட்சத்திரத்தை எடுத்துவிட்டு இதயத்தை வைத்தார்கள். அப்புறம் படிக்க வைத்திருந்த கட்டுரைகளெல்லாம் ஒரே இரவில் ‘நான் நேசித்தவை’ ஆகிவிட்டன. பெரிய முணுமுணுப்பு எழுந்தது. 2018-இல் தனியாக ஒரு புக்மார்க் வசதியைக் கொடுத்தார்கள். எத்தனை பேர் அப்படி வைத்திருக்கிறார்கள் என்ற எண் 2023-இல் பதிவின் கீழே வெளிப்படையாகத் தெரிய ஆரம்பித்தது. இப்படித் தனியாக எடுத்து வைக்கும் வசதியை இன்ஸ்டாகிராம் 2016 டிசம்பரிலும் ஃபேஸ்புக் 2014-லும் கொண்டுவந்துவிட்டன. தளங்களே பிரித்த பிறகு நாம் மட்டும் ஒரே சொல்லால் ஒப்பேற்றுவது சரியில்லை.

இனி சொல். ‘சேமிப்பு’ என்று ஏற்கெனவே எழுதுகிறார்கள். வேறு துறையாக இருந்தால் நானும் ஒப்புக்கொண்டிருப்பேன். பணிக்கருவிப் பதிவில் அது காலை வாரிவிடும். ‘கோப்பைச் சேமித்த பிறகு இதைச் சேமியுங்கள்’ என்று ஒரு பதிவு முடிந்தால், எதை என்று இரண்டாம் முறை படிக்க வேண்டியிருக்கிறது. ‘சேமிப்பு விகிதம்’ என்றால் பொருளாதாரக்காரர்கள் வந்துவிடுவார்கள். ‘வைப்பு’ வங்கிக்காரர்களுடையது. ‘புத்தகக்குறி’ உலாவியில் நிலைத்துவிட்டது, அது பக்கத்தைக் குறிக்கிற பெயர்ச்சொல். வினையாக்க முயன்றால் ‘புத்தகக்குறியிட்டேன்’ என்று நாக்கு சுளுக்குகிறது.

> குறித்துவைப்பு?

நல்ல சொல். ஆனால் குறித்துவைப்பதில் கையால் ஒரு வேலை இருக்கிறது. என்ன தெரிந்துகொண்டோம் என்று நாலு வார்த்தை எழுதினால்தான் குறித்துவைத்ததாக ஆகும். இங்கே யாரும் எதையும் குறிக்கவில்லை, அப்படியே தூக்கி உள்ளே வைக்கிறார்கள். பலர் திரும்ப எடுத்தே பார்ப்பதில்லை என்பது நாம் எல்லோரும் அறிந்ததுதான். ‘பத்திரப்படுத்தல்’ என்ற முன்மொழிவிலும் இதே குறை: பத்திரப்படுத்துகிற பொருளுக்கு இருக்கும் மதிப்பு இதற்கு இல்லை.

என் முன்மொழிவு ‘எடுத்துவைப்பு’. அன்றாடம் சொல்கிற ‘எடுத்து வை, அப்புறம் பார்க்கலாம்’ என்பதிலிருந்து வருகிறது. இப்போது இல்லை, பிறகு என்ற குறிப்பு சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. வினையாக எடுத்துவைத்தேன், எடுத்துவைத்தவர்கள், பெயராக எடுத்துவைப்பு, எடுத்துவைப்பு விகிதம், பட்டியலுக்கு எடுத்துவைத்தவை. எந்த வடிவத்திலும் முரண்டு பிடிக்கவில்லை.

> எடுத்துவை என்றால் அந்த இடத்திலிருந்து அப்புறப்படுத்து என்றும் பொருள் வருமே. பதிவையே நீக்கிவிடுவதாக நினைத்துவிட மாட்டார்களா?

வரும். ஆனால் நீக்குவதற்கு ‘நீக்கு’ என்ற சொல் எல்லாத் தளங்களிலும் வேரூன்றிவிட்டது. இரண்டும் ஒரே பட்டியலில் அடுத்தடுத்து இருக்கும்போது குழப்பம் வராது. எடுத்துவைத்ததை விடுவிக்க ‘திரும்ப வை’ என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். அது வேண்டாம், அங்கேதான் குழப்பம் வரும். ‘பட்டியலிலிருந்து நீக்கு’ என்று விளக்கமாகவே போடலாம்.

எல்லாச் செயல்களையும் சேர்த்துச் சொல்லும் குடைச்சொல்லுக்கு, அதாவது என்கேஜ்மென்டுக்கு, என் வாக்கு ‘துலங்கல்’. பள்ளி அறிவியலில் தூண்டல், துலங்கல் என்ற இணை ஏற்கெனவே இருக்கிறது. பதிவு தூண்டல், விரல் செய்வது துலங்கல், மனத்துக்குள் போக வேண்டியதில்லை. பொதுமக்களுக்குப் புரியாது என்பவர்களுக்கு: இது அளவீட்டுப் பலகை, படிப்பவர்கள் அந்த வேலையைச் செய்கிறவர்கள், ஒரு வாரத்தில் பழகிவிடும். மற்ற கட்டுரைகளில் ஈடுபாடு ஈடுபாடாகவே இருந்துவிட்டுப் போகட்டும்.

இதோடு ஒட்டி வருவது என்கேஜ்மென்ட் பெய்ட். ‘பட்டியல் வேண்டுமா? கீழே கருவி என்று எழுதுங்கள், தனிச்செய்தியில் அனுப்புகிறேன்’ என்ற ரகம். பணிக்கருவிப் பதிவுகளை இது பிடித்து ஆட்டுகிறது. ஃபேஸ்புக் இந்த மாதிரிப் பதிவுகளைக் கீழே தள்ளப்போவதாக 2017 டிசம்பரில் அறிவித்தும் ரகம் ஓயவில்லை, தளம்தான் மாறியது. இதற்கு ‘தூண்டில் பதிவு’ என்று ஒருவர் போட்டது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. தூண்டல் பக்கத்திலேயே தூண்டிலும் அமைந்துவிட்டது. விரலால் புரட்டிப் பார்க்கிற பல பக்கப் பதிவுக்குப் ‘புரட்டுப் பதிவு’ என்ற சொல்லை மட்டும் ஏற்க முடியவில்லை. புரட்டு என்றால் பித்தலாட்டம் என்றும் பொருள், அதில் பாதி உண்மைதான் என்றாலும் பலகையில் போட முடியாது. ‘அடுக்குப் பதிவு’ எப்படி?

மொழிக்கோப்பில் இப்போதைக்கு துலங்கல், விருப்பம், கருத்து, பகிர்வு, எடுத்துவைப்பு என்று மாற்றியிருக்கிறேன். தனிச்செய்தியில் அனுப்புவதைப் பகிர்விலிருந்து பிரித்து ‘அனுப்பல்’ என்று தனி வரியாகக் காட்ட வேண்டும் என்பது என் விருப்பம். மேலே சொன்ன அதே காரணம். அதில் உடன்பாடு இல்லாதவர்கள் எழுதுங்கள். சிறிய திரையில் ‘எடுத்துவைத்தவை’ என்ற தலைப்பு இரண்டு வரியாக உடைகிறதா என்று சோதனைப் பதிப்பை நிறுவியிருப்பவர்கள் யாராவது பார்த்துச் சொன்னால் நல்லது. உடைந்தால் எழுத்துருவின் அளவைத்தான் குறைக்க வேண்டும், சொல்லை அல்ல.