தசமத்தில் உத்தேச விடை: முழுக்கணக்கையும் போட்டுவிட்டு அப்புறம் சுருக்குகிறார்கள், என்ன செய்வது?

பெர்ஜுந்தை டியூஷன் (கேள்வி)

வணக்கம். பத்தாங் பெர்ஜுந்தையில் வீட்டு முன்கூடத்தில் படிவம் 1, 2 பிள்ளைகளுக்கு மாலையில் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். (ஊர்ப் பெயர் பெஸ்தாரி ஜெயா என்று மாறி எவ்வளவோ காலமாகிவிட்டது, எங்கள் வாயில் இன்னும் பழைய பெயர்தான்.) பாதிக்கு மேல் தோட்டத்துப் பிள்ளைகள். ஆறாம் ஆண்டு வரை தமிழ்ப்பள்ளி, இப்போது மலாய் இடைநிலைப்பள்ளி. தசமத்தைக் கூட்டுவது, கழிப்பது, பெருக்குவது எல்லாம் போடுகிறார்கள். உத்தேசமாகச் சொல் என்றால்தான் தகராறு.

போன வாரம் 23.7 ÷ 3.9 உத்தேசமாக எவ்வளவு என்று கேட்டேன். ஒரு பையன் நோட்டுக்குக் கையால் அணை கட்டி, நெடுவகுத்தல் போட்டு 6.076 வரை இறங்கினான். அப்புறம் அதைச் சுருக்கி 6 என்று எழுதினான். எழுதியதும் வகுத்தலை ரப்பரால் அழித்துவிட்டு, ஒன்றும் தெரியாதவன் போல என்னைப் பார்க்கிறான். விடை சரி, நான் கேட்டது அதையல்ல.

அடுத்தது 58 × 0.42. நாலைந்து பேர் 0 என்று எழுதியிருந்தார்கள். "58 கிலோவில் 0.42 பங்கு எடுத்தால் கையில் ஒன்றுமே வராதா?" என்றேன். "5-க்குக் கீழே இருந்தால் விட்டுவிடணும்னு ரூல் இருக்கே டீச்சர்" என்று ஒரு பெண் திருப்பிக் கேட்டாள். 3.8 × 21.4-க்கு 813.2 என்று எழுதியவர்களும் உண்டு. அது ஏன் இடிக்கிறது என்று அவர்களுக்குப் படவே இல்லை.

"முதலில் ரவுண்ட் பண்ணச் சொல்லுங்கள்" என்று மட்டும் யாரும் சொல்லிவிடாதீர்கள். அதைச் சொல்லிக் கொடுத்துத்தான் இந்த 0 வந்தது.

சாக்பீஸ் (சுங்கை சிப்புட்)

டீச்சர், அந்தப் பெண் சொன்ன ரூலில் தப்பில்லை. 0.42-ஐக் கிட்டிய முழு எண்ணுக்கு மாற்றினால் 0 தான். ஆனால் முழு எண்ணுக்குத்தான் மாற்றவேண்டும் என்று யார் சொன்னது? 1-க்குக் கீழே உள்ள எண்களுக்கு நான் ரூலே சொல்வதில்லை. 0, பாதி, 1, இந்த மூன்றில் எதன் பக்கத்தில் நிற்கிறது என்று மட்டும் கேட்பேன். 0.42 பாதிக்குக் கொஞ்சம் கீழே. 58-இல் பாதி 29, ஆக விடை அதற்கும் கீழே, 24, 25 பக்கம். இது பழகிய பிறகு கால், முக்கால், பத்தில் ஒன்று என்று சேர்த்துக்கொள்ளலாம்.

வகுத்தலுக்கு வேறு குணம். 23.7 ÷ 3.9 ரவுண்ட் செய்தால் 24 ÷ 4 என்று தானாக அமைந்துவிட்டது. 23.7 ÷ 6.8 கொடுத்துப் பாருங்கள். ரவுண்ட் செய்தால் 24 ÷ 7, அங்கேயே நிற்பார்கள். 7-ஐ வைத்துக்கொண்டு அதன் வாய்ப்பாட்டில் 24-க்கு இரண்டு பக்கமும் பார்க்கச் சொல்லுங்கள்: 21, 28. ஆக விடை 3-க்கும் 4-க்கும் நடுவில். அவ்வளவு போதும். எண்ணை எப்படி மாற்றினால் நமக்கு வசதி என்று யோசிப்பதுதான் இங்கே வேலை, பக்கத்து எண்ணுக்குத் தள்ளுவது இல்லை.

திருட்டு நெடுவகுத்தலுக்கு மருந்து: பென்சிலைக் கீழே வைக்கச் சொல்லுங்கள். கேள்வியையும் மாற்றுங்கள். "எவ்வளவு?" என்று கேட்டால் கை தானாகத் தாளைத் தேடும். "80-ஐத் தாண்டுமா, தாண்டாதா?" என்று கேட்டால் நெடுவகுத்தலுக்கு வேலையே இல்லை.

புள்ளி வைப்பதற்கு நான் செய்வது இது. 3.8 × 21.4, விடையின் இலக்கங்கள் 8132 என்று நானே எழுதிவிடுவேன், புள்ளியை மட்டும் அவர்கள் வைக்கவேண்டும். 4 × 20 = 80, ஆகவே 81.32. அதே இலக்கங்களுக்கு 0.38 × 21.4 என்று மாற்றுவேன். 21-இல் பாதிக்கும் குறைவு, ஆகவே 8.132. கடைசியாக 2.5 × 3.24, இலக்கங்கள் 81. தசம இடங்களை எண்ணிப் புள்ளி வைக்கிற கெட்டிக்காரர்கள் எல்லாம் மூன்று இடம் எண்ணி 0.081 என்று எழுதுவார்கள். கடைசிச் சுழிகள் விழுந்துபோனது அவர்களுக்குத் தெரியாது. 2.5 × 3 = 7.5 என்று முதலில் பார்த்தவன் மட்டும் 8.1 என்பான். அன்றைக்குத்தான் வகுப்பில் உத்தேசத்துக்குக் கொஞ்சம் மரியாதை வரும்.

படிவம் 3 அப்பா

குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். ஆறாம் ஆண்டுத் தேர்வு யு.பி.எஸ்.ஆர். 2021-இல் போனது, படிவம் 3 தேர்வு பி.டி.3 2022-இல் போனது, சரி. படிவம் 5-இல் எஸ்.பி.எம். தேர்வு இருக்கிறதே? அதில் இரண்டு தசம இடத்துக்குச் சரியான விடை கேட்கிறார்கள். கையில் கால்குலேட்டர் வேறு. குத்துமதிப்புக்கு மார்க் எங்கே? டியூஷன் நேரத்தை இதில் செலவழிப்பது நியாயமா என்று பெற்றோராகக் கேட்கிறேன்.

சாக்பீஸ்

கால்குலேட்டர் இருப்பதால்தான் ஐயா. 3.8 என்று அமுக்கும்போது புள்ளி விழாவிட்டால் அது 38 × 21.4-க்கு 813.2 என்று காட்டும். டீச்சரின் பிள்ளைகள் எழுதிய அதே விடை. அதைப் பிடிக்கக் கால்குலேட்டரால் முடியாது.

பழைய கிராணி (கூலிம்)

மார்க் எங்கே என்று கேட்கிறார் தம்பி. எங்கள் காலத்தில் சம்பளமே அதில்தான் இருந்தது.

நான் ரப்பர் தோட்டத்தில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக இருந்தவன். பால் எடுத்து முடிந்ததும் ஸ்டோரில் வரிசை நிற்கும். பாலில் பெரும்பகுதி தண்ணீர், காய்ந்த ரப்பருக்குத்தான் காசு. வாளியை நிறுத்துவிட்டு, பாலில் மெட்ரோலாக் என்ற அளவு மிதவையை மிதக்கவிட்டுப் பார்ப்போம். பாலில் ரப்பர் எவ்வளவு என்று அது மிதக்கும் ஆழத்தை வைத்துத் தெரியும். ரப்பர் தண்ணீரைவிட லேசு, அதனால் கெட்டிப் பாலில் கொஞ்சம் ஆழமாக இறங்கும், தண்ணிப் பாலில் மேலே எழும்பி நிற்கும்.

18.6 கிலோ பால், 32.4 விழுக்காடு என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் அட்டவணையைப் புரட்டுவதற்குள், மரம் சீவிப் பால் எடுக்கும் வெட்டுக்காரம்மா "ஆறு வரும் கிராணி" என்பார். அவருக்குத் தசமம் தெரியாது, எழுதவும் வராது. நல்ல பாலில் மூன்றில் ஒரு பங்கு என்று கை அறிந்து வைத்திருந்தது. 18-இல் மூன்றில் ஒன்று 6. அட்டவணையில் 6.03. மழை பெய்து பால் நீர்த்த நாளில் அவரே குறைத்துச் சொல்வார். நான் 0.6 என்று எழுதியிருந்தால் வரிசை அங்கேயே நின்றிருக்கும், வாளியோடு.

டீச்சருக்கு நான் சொல்ல வருவது இதுதான். உத்தேசம் சொல்லும்போது எந்தப் பக்கம் சாய்வது என்பதை 5-க்கு மேல், 5-க்குக் கீழே என்ற ரூல் தீர்மானிக்கக்கூடாது. வரவைக் குறைத்துப் பார்க்கணும், செலவைக் கூட்டிப் பார்க்கணும். கடைக்குப் போகிறவள் 6.20-ஐ 6 என்று எடுத்துக்கொண்டே போனால் கல்லாவில் நின்று ஒரு டின்னைத் திருப்பி வைக்கவேண்டி வரும். உங்கள் பாடப்புத்தகம் இதைச் சொல்கிறதா தெரியவில்லை, தோட்டத்தில் எல்லா வீட்டிலும் அம்மாக்கள் இப்படித்தான் கணக்குப் பார்த்தார்கள்.

இப்போது எங்கள் பக்கம் பால்மரம் போய் எங்கும் செம்பனை (எண்ணெய்ப்பனை). பேரனுக்கு அதில்தான் கணக்குப் போடுவேன். 1.87 டன் குலை, டன் 812.50 வெள்ளி (ரிங்கிட்) என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள். 2 டன், 800 வெள்ளி, ஆக 1,600. "நிஜம் இதைவிடக் கூடவா, குறைவா?" என்று கேட்பேன். 0.13 டன் அதிகமாகப் போட்டுவிட்டோம், அதற்கு 100 வெள்ளிக்குமேல் கழியும். விலையில் விட்ட 12.50-க்கு ஏறக்குறைய 25 வெள்ளி திரும்பி வரும். ஆக 1,500-ஐக் கொஞ்சம் தாண்டும் என்பான். மில் சீட்டு 1,519.38 என்று வந்தால் ஒத்துக்கொள்ளலாம். 1,915 என்று வந்தால் போய்ச் சண்டை போடவேண்டாம், வாங்கிக்கொண்டு வந்துவிடு என்றேன். சிரிக்கிறான்.

பெர்ஜுந்தை டியூஷன்

ஐயா, கடைசி வரியைப் பிள்ளைகளிடம் சொல்லமாட்டேன்.

கடை ரசீதை வைத்து முயற்சி செய்தேன். 3.45, 2.60, 4.95, 6.83. பென்சில் கீழே. முதலில் வெள்ளியை மட்டும்: 3, 2, 4, 6, மொத்தம் 15. அப்புறம் காசு: 45-ம் 60-ம் சேர்ந்து ஒரு வெள்ளி, 95 ஒரு வெள்ளி, 83 கிட்டத்தட்ட ஒரு வெள்ளி. 18-க்குக் கொஞ்சம் குறைவு என்று கடைசி வரிசைப் பையனே சொன்னான். அதே நெடுவகுத்தல் பையன்தான்! மொத்தம் 17.83.

ரசீதில் அதற்குக் கீழே 0.02 கூட்டி 17.85 என்று இருந்தது. ஒரு காசு நாணயத்துக்குத் தட்டுப்பாடு, அதனால்தான் என்று பிள்ளைகள் நினைத்திருக்கிறார்கள். 2008 ஏப்ரல் 1 முதல் ரொக்கமாகக் கட்டும் மொத்தத் தொகையைக் கிட்டிய 5 காசுக்கு மாற்றுகிறார்கள், 17.82 என்றால் 17.80 ஆக இறங்கியிருக்கும் என்றேன். "ஒவ்வொரு சாமானுக்கும் மாற்றினால்?" என்று ஒருத்தி கேட்டாள். 1.98 வீதம் மூன்று என்று போட்டுப் பார்த்தோம். மொத்தம் 5.94, அதை மாற்றினால் 5.95. தனித்தனியாக மாற்றியிருந்தால் 6.00. அந்த 5 காசுக்கு அரை மணி நேரம் விவாதம் ஓடியது, பாடம் நின்றுபோனது, எனக்குக் கவலையில்லை.

ஆனால் இன்னொன்று வெளியே வந்தது. 0.385 பெரிதா 0.4 பெரிதா என்றால் பாதிப்பேர் 0.385 என்கிறார்கள், 385 பெரிது 4 சிறிது என்று. காசாக மாற்றிச் சொல்லலாம் என்று பார்த்தால் 4.5-ஐ நாலு வெள்ளி அஞ்சு காசு என்கிறாள் ஒருத்தி.

சாக்பீஸ்

அதுதான் காசில் உள்ள பொறி. வெள்ளியும் காசும் புள்ளிக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று இரண்டு தனி எண்களாக மனதில் பதிந்துவிடும். இரண்டு இடத்துக்குமேல் காசு உதவாது. இதற்கு மட்டும் கிலோவுக்குப் போங்கள். 0.4 கிலோ மிளகாய் 400 கிராம், 0.385 கிலோ 385 கிராம். வீட்டில் டிஜிட்டல் தராசு இருந்தால் நிறுத்தே காட்டலாம்.

அப்புறம் முன்கூடத்தில் ஒரு கயிறு கட்டுங்கள். ஒரு முனை 0, மறுமுனை 1. 0.4, 0.385, 0.09, 0.5, 0.625 என்று அட்டை எழுதித் துணிக் கிளிப்பால் மாட்டச் சொல்லுங்கள். 0.09-ஐ எங்கே மாட்டுகிறார்கள் என்று கவனியுங்கள். முக்கால் கயிறு தாண்டி 1-க்குப் பக்கத்தில் மாட்டுகிறவனுக்கு 58 × 0.42 இப்போதைக்கு வேண்டாம். கயிற்றில் இடம் சரியாக விழுந்த பிறகு அதே அட்டையைக் கையில் கொடுத்து, "58-இல் இவ்வளவு பங்கு எடு" என்று கேளுங்கள்.

படிவம் 3 அப்பா

மகளிடம் 0.385, 0.4 கேட்டுப் பார்த்தேன். சரியாகச் சொன்னாள். 58 × 0.42-க்குக் கால்குலேட்டரைத் தேடினாள். டியூஷன் எத்தனை மணிக்கு டீச்சர்?