மறு: நிறமில்லாத அப்சிந்துக்குத் தமிழ்ச்சொல் ("எட்டிச் சாராயம்" வேண்டாம்)

அன்புள்ள குழும நண்பர்களுக்கு, வணக்கம்.

நம் மதுவகைப் பட்டியலில் அப்சிந்து (absinthe, மூலிகைகள் சேர்த்து வடிக்கும் ஐரோப்பியச் சாராயம்) என்பதற்கு நேராக "எட்டிச் சாராயம்" என்றும், அதன் நிறமில்லாத வகைக்கு "வெள்ளை எட்டிச் சாராயம்" என்றும் போட்டிருக்கிறது. இரண்டையுமே எடுத்துவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். மடல் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எட்டி எங்கிருந்து வந்தது என்பது தெரிகிறது. தமிழ் விவிலியத்தில், வெளிப்படுத்தின விசேஷம் 8:11இல் வானத்திலிருந்து விழும் நட்சத்திரத்தின் பெயர் எட்டி. அப்சிந்தில் சேரும் செடியின் பெயர்தான் மூலத்தில் அங்கே இருக்கிறது. கசப்புக்குப் பேர்போன ஒன்றை மொழிபெயர்த்தவர்கள் நம் மண்ணில் தேடி எட்டியைப் பிடித்தார்கள். உவமைக்கு அது சரி, செடிப்பெயராகத் தவறு. எட்டி ஒரு மரம். அதன் கொட்டையில் இருப்பது ஸ்ட்ரிக்னின் என்ற கொடிய நஞ்சு. அப்சிந்துச் செடியோ ஆர்ட்டிமீசியா பேரினம். நம் மாசிபத்திரியும், பூக்கடையில் மல்லிகையோடு சேர்த்துக் கட்டும் மரிக்கொழுந்தும் அதே பேரினம்தான். நூறு ஆண்டுகளாக "விஷம், பைத்தியம் பிடிக்கும்" என்ற பழியைச் சுமந்த பானம் இது. அதிலுள்ள துஜோன் என்ற வேதிப்பொருளுக்கு ஐரோப்பிய ஒன்றியம் இன்று கிலோவுக்கு 35 மில்லிகிராம் என்று வரம்பு வைத்திருக்கிறது, அந்த வரம்புக்குள் இருந்தால் விற்கலாம். நாம் போய் எட்டி என்று பெயர் வைத்தால் பழைய பழியைத் தமிழில் புதிதாக எழுதி வைத்ததாகிவிடும்.

அப்புறம் "வெள்ளை". இதில்தான் எனக்கு மனத்தாங்கல் அதிகம். பிரெஞ்சிலும் வெள்ளை என்றுதான் சொல்கிறார்கள், உண்மைதான். ஆனால் புட்டியில் இருப்பது வெள்ளை இல்லை, தண்ணீர் மாதிரித் தெளிவு. பிறகு தண்ணீர் விட்டதும் உண்மையாகவே வெள்ளையாகிறது. வெள்ளை என்ற சொல்லை முதலிலேயே செலவழித்துவிட்டால் அந்த மாற்றத்தை எப்படிச் சொல்வது?

செய்முறையைப் பார்த்தால் பெயர் தானே வரும். காய்ந்த அப்சிந்துச் செடி, சோம்பு, பெருஞ்சீரகம், ஊருக்கும் கைக்கும் தகுந்த வேறு சில மூலிகைகள் எல்லாவற்றையும் சாராயத்தில் ஊறப்போட்டு, தண்ணீர் சேர்த்துச் செப்பு வாலையில் (காய்ச்சி வடிக்கும் கலத்தில்) வடிக்கிறார்கள். முதலில் வருவதையும் கடைசியில் வருவதையும் ஒதுக்கி, நடுவில் வருவதை எடுக்கிறார்கள். பச்சை வகைக்கு இன்னொரு படி உண்டு. வடித்ததில் மறுபடி ஈசோப்பு, எலுமிச்சை மணமுள்ள மெலிசா போன்ற மூலிகைகளைப் போட்டு இலைப்பச்சையை இறக்குவார்கள். தெளிந்த வகையில் அந்தப் படி கிடையாது. வாலையிலிருந்து வந்தது வந்தபடி, தண்ணீரால் கடுமை குறைத்து, அவ்வளவுதான். மூடிமறைக்க ஒன்றும் இல்லாததால் வடிப்பவரின் கை அப்படியே தெரியும். செடியின் பெருங்கசப்புக்குக் காரணமான, அப்சிந்தின் (absinthin) என்ற பொருள் ஆவியாகி ஏறாது, வாலையிலேயே தங்கிவிடும். மணம் மட்டும் மேலே வரும். அதனால்தான் இதைச் சர்க்கரை இல்லாமல் குடிக்கிறவர்கள் அதிகம்.

இதன் சொந்த ஊர் சுவிட்சர்லாந்தின் நியூஷாத்தெல் மாநிலத்திலுள்ள வால்-தெ-திராவேர் பள்ளத்தாக்கு. 1908 பொதுவாக்கெடுப்பில் அப்சிந்தைத் தடை செய்தார்கள், 1910 அக்டோபர் 7இல் தடை நடைமுறைக்கு வந்தது. பள்ளத்தாக்கில் வடிப்பது நிற்கவில்லை, அடுக்களைக்கும் நிலவறைக்கும் போய்விட்டது. பச்சை நிறம் காட்டிக்கொடுக்கும், தெளிந்தது காட்டிக்கொடுக்காது. இப்படித்தான் நிறமில்லாத வகை அந்த ஊரின் அடையாளமானது. 2005 மார்ச் 1இல் தடை நீங்கும் வரை இதே கதைதான். கள்ளத்தனமாக வடித்தவர்களை விசாரித்த மோத்தியே ஊர்க் கட்டடத்தில் 2014 முதல் அப்சிந்து அருங்காட்சியகம் இருக்கிறது. ஊர்க்காரர்கள் இதை "நீலம்" என்பார்கள், தண்ணீர் விட்டால் ஓரத்தில் லேசாக நீலம் ஓடும். அந்தப் பெயரைத் தங்களுக்கே உரியதாக்கவும் முயன்றார்கள். அது பொதுப்பெயர் என்று 2014இல் கூட்டாட்சி நிர்வாக நீதிமன்றம் மறுத்துவிட்டது.

நிறமில்லாத வகைக்கு என் பரிந்துரை: தேறல் அப்சிந்த். நண்பர்கள் கேட்ட கேள்விகளுக்குக் கீழே பதில் தருகிறேன்.

> தேறல் என்றால் கள்ளின் தெளிவு. வாலையில் வடித்ததற்கு எப்படிப் பொருந்தும்?

நல்ல கேள்வி ஐயா. சங்கப் பாடல்களின் தேறல் வடித்த சரக்கு இல்லைதான். ஆனால் வாலையில் வடித்தது என்பதை அப்சிந்த் என்ற சொல்லே சொல்லிவிடுகிறது. தேறல் சொல்ல வேண்டியது தெளிவை மட்டும். "தெளிவு" என்றே வைக்கலாம் என்று முதலில் நினைத்தேன், கொங்குப் பக்கம் தெளுவு என்றால் பதநீர். பச்சை வகையை "ஊறல்" என்று சொல்லலாமே என்று போன மடலில் வந்ததும் சரிவராது. ஊறல் என்றதும் செய்தித்தாளில் போலீசார் கொட்டி அழிக்கும் கள்ளச்சாராய ஊறல்தான் கண்ணில் வரும். பச்சை அப்சிந்த் என்றே இருக்கட்டும்.

> தண்ணீர் விட்டதும் நடப்பதற்குக் "கலங்கல்" போதாதா?

போதாது. கலங்கல் என்றால் சேறு, குறை. இது குறை இல்லை, இதற்காகத்தான் காத்திருக்கிறார்கள். டெட்டாலில் தண்ணீர் விட்டுப் பார்த்திருப்பீர்கள், கிட்டத்தட்ட அதே வித்தைதான். சோம்பெண்ணெயிலுள்ள அனெத்தோல் சாராயத்தில் கரையும், தண்ணீரில் கரையாது. குளிர்ந்த நீரைச் சொட்டுச்சொட்டாக விட்டால் அது நுண்துளிகளாகப் பிரிந்து ஒளியைச் சிதறடிக்கும். முதல் சில சொட்டுக்கு ஒன்றும் தெரியாது. பிறகு அடியில் புகை மாதிரி ஒரு இழை சுழலும். அது மேலே ஏற ஏற, தெளிந்த பகுதி மெல்லிய வளையமாகச் சுருங்கி, கடைசியில் அதுவும் மறையும்.

இதற்குப் பால்பிடித்தல் என்ற சொல்லை வைக்கிறேன். எங்கள் வயலில் கதிர் வந்த சில நாளில் அப்பா ஒரு நெல்லை நகத்தால் கிள்ளி அழுத்துவார். வெறும் நீராக வந்தால் பேசாமல் நடப்பார். வெள்ளையாகக் கசிந்தால் "பால் பிடிச்சிருச்சு" என்பார். தெளிந்தது வெண்மையாவதும், அது நல்ல அறிகுறி என்பதும் அந்தச் சொல்லில் ஏற்கெனவே இருக்கிறது. "தேறல் அப்சிந்த் மெல்லப் பால்பிடிக்கும்" என்று வினையாகவும் ஓடுகிறது.

இன்னொன்று பாக்கி. கடையில் சோம்பு என்று கேட்டால் கொடுப்பது பெருஞ்சீரகத்தைத்தான். இந்தப் பானத்தில் இரண்டும் தனித்தனியாகச் சேர்வதால் பட்டியலில் பிரித்தே ஆக வேண்டும். சிறிய, முட்டை வடிவ விதைக்குச் சோம்பு, நீண்ட விதைக்குப் பெருஞ்சீரகம் என்று உறுதி செய்துவிடலாமா? ஈழத்து நண்பர்கள் அங்கே எப்படி வழங்குகிறது என்று எழுதினால் அதையும் பார்த்துவிட்டுப் பதியலாம்.