மறு: ‘டிரிப்பிங்’, ‘அட்டமைசர்’ – சொட்டலா, சொட்டுவிடலா?

குழுமத்தாருக்கு வணக்கம்.

மின்சிகரெட் தொடர்பான ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழ்ச் சொல் காணும் நம் பட்டியலில் மற்றவை ஓரளவு படிந்துவிட்டன. நீர்மத்தைச் சூட்டுச்சுருளில் துளியாக விட்டு இழுக்கும் ‘டிரிப்பிங்’, நீர்மத்தை ஆவியாக்கும் பகுதியான ‘அட்டமைசர்’ ஆகிய இந்த இரண்டு மட்டும் இழுபறியாக நிற்கின்றன. முந்தைய மடலிலிருந்து:

> டிரிப்பிங் = சொட்டல். டிரிப்பிங் அட்டமைசர் = சொட்டு அணுவாக்கி. சுருக்கமாக இருக்கிறது, எல்லோருக்கும் புரியும்.

ஐயா, சுருக்கம்தான், மறுக்கவில்லை. ஆனால் இந்தக் கருவியைக் கையில் வைத்திருப்பவர் ‘சொட்டுகிறது’ என்று சொன்னால், பழுது என்றுதான் கேட்பவர் எடுத்துக்கொள்வார். தொட்டி நிரம்பி, நீர்மம் காற்றுத்துளை வழியாக இறங்கி, மின்கல முனையை நனைத்துவிட்டது என்று பொருள். ‘சொட்டு’ தானாக நடப்பதைச் சொல்லும் வினை. டிரிப்பிங் அப்படியல்ல. ஆள் வேண்டுமென்றே, அளவு பார்த்து, சூடேறும் கம்பியின்மேல் துளித்துளியாக விடுவது. கண்ணுக்கு மருந்தைச் சொட்டுகிறோம் என்று யாரும் சொல்வதில்லை, விடுகிறோம் என்றே சொல்கிறோம். அதனால் என் பரிந்துரை ‘சொட்டுவிடல்’. ஒரே பட்டியலில் பழுதுக்கும் செயலுக்கும் ஒரு சொல்லை வைத்தால், பழுதுநீக்கக் குறிப்பை மொழிபெயர்ப்பவர் திண்டாடிப்போவார்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் சொல் இன்னும் தெளிவாகும். தொடக்ககாலச் சிறிய கருவிகளில் நீர்மம் ஒரு பஞ்சடைத்த குப்பியில் இருந்தது. ஆவியாக்கும் பகுதி சின்ன உலோகக் குழாய். அதற்குள் பீங்கான் கிண்ணம், கிண்ணத்தில் மின்தடைக் கம்பிச் சுருள், சுருளுக்கு மேலே வளைத்து வைத்த உலோக வலை. அந்த வலைக்குப் பெயர் பாலம். பஞ்சிலிருந்து நீர்மத்தை உறிஞ்சிச் சுருளுக்குக் கடத்துவது அதன் வேலை. பஞ்சில் நீர்மம் குறையக் குறையப் பாலத்துக்கு வருவது தடைப்படும், ஆவியும் மெலியும். எனவே குப்பியைக் கழற்றிவிட்டு, பாலத்தின்மேல் நேராக இரண்டு மூன்று துளி விட்டு இழுக்கத் தொடங்கினார்கள். அதற்கடுத்த படிதான் நம் விவாதத்தைக் கிளப்பிய மாற்றம்: பாலத்தையே பிடுங்கிவிடுவது.

இதற்குப் ‘பாலம் நீக்கல்’ போதும். வேலை பார்க்க எளிது, ஆனால் நுட்பமானது. மெல்லிய இடுக்கியால் வலையின் ஒரு காலைப் பிடித்து மெதுவாக அசைத்துத் தூக்க வேண்டும். அடியில் இருக்கும் சுருள் மயிரிழைக் கம்பி. வலையோடு அது சிக்கி அறுந்தால் ஆவியாக்கி அத்தோடு போயிற்று. சரியாக வந்துவிட்டால் துளி தடையில்லாமல் சுருளில் விழும், ஆவி அடர்த்தியாக வரும். ஆனால் நீர்மத்தைத் தேக்கி வைக்க ஒன்றும் இல்லாததால் சுருள் சீக்கிரம் காய்ந்துவிடும்.

காய்ந்த சுருளை இழுத்தால் வரும் சுவைக்கு ‘உலர் இழுப்பு’ என்று பட்டியலில் இருக்கிறது. ‘டிரை ஹிட்’டை அப்படியே பெயர்த்தது. பயனருக்குத் தெரிவது உலர்வு அல்ல, தொண்டையைப் பிடிக்கும் தீய்ந்த வாடை. அடிப்பிடித்த பாத்திரத்தின் வாடைக்குக் ‘காந்தல்’ என்ற சொல் நம்மிடம் தயாராக இருக்கும்போது ‘காந்தல் இழுப்பு’ என்றே வைக்கலாம். இது வெறும் சுவைச் சிக்கலும் அல்ல. நீர்மத்தின் அடிப்படை புரோப்பிலீன் கிளைக்காலும் கிளிசரினும். முன்னது 188 பாகை செல்சியசிலும் பின்னது 290 பாகையிலும் கொதிக்கும். நீர்மம் இருக்கும்வரை சுருளின் வெப்பம் கொதித்தலில் செலவாகும். அது தீர்ந்ததும் வெப்பநிலை விறுவிறுவென ஏறி, எஞ்சியது சிதைந்து, ஃபார்மால்டிஹைடு, அக்ரோலின் ஆகிய நச்சுகள் உண்டாகும். எச்சரிக்கைக் குறிப்புகளில் வரப்போகும் சொல் என்பதால் கேட்டவுடன் உறைக்க வேண்டும். ‘உலர்’ உறைக்காது.

அடுத்தது:

> அட்டமைசரில் ‘ஆட்டம்’ (atom, அணு) இருக்கிறதே, அணுவாக்கி என்பதில் என்ன பிழை?

இங்கே அணு எதுவும் உண்டாவதில்லை. நீர்மத்தைப் பொடித்துளிகளாக்குவது என்ற பொருளில்தான் ஆங்கிலத்தில் அந்தச் சொல் வழங்குகிறது. அப்படியானால் ‘நுண்துளியாக்கி’ சரிதானே என்று இன்னொரு நண்பர் கேட்டிருந்தார். சீன மருந்தாளர் ஹோன் லிக் 2003-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த மின்சிகரெட் வடிவத்துக்கு அது மிகப் பொருத்தம். அதில் மீயொலி அதிர்வுதான் நீர்மத்தைத் துளியாக உடைத்தது. பின்னால் பரவிய கருவிகளில் சூட்டுச்சுருள் வந்துவிட்டது. சுருளில் நீர்மம் முதலில் ஆவியாகிறது, பிறகுதான் காற்றில் குளிர்ந்து நுண்துளி மூட்டமாகிறது. கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிவது அந்த மூட்டம். கருவி செய்யும் வேலை ஆவியாக்குவதோடு முடிகிறது. ஆகவே சுருள் வகைக்கு ‘ஆவியாக்கி’, மீயொலி வகைக்கு ‘நுண்துளியாக்கி’ என இரண்டையும் வைத்துக்கொள்வோம். ‘நீராவி’ மட்டும் எங்கும் நுழைந்துவிடக் கூடாது. தீங்கற்றது என்ற தப்பெண்ணத்தை அந்த ஒரு சொல்லே விதைத்துவிடும்.

‘சொட்டு’, ‘ஆவியாக்கி’ இரண்டையும் சேர்க்கும்போது ஒரு புணர்ச்சிச் சிக்கல். ‘சொட்டாவியாக்கி’ என்று எழுதினால் ‘சொட்டாத’ என்ற எதிர்மறை காதில் விழுகிறது, நாம் சொல்ல வந்ததற்கு நேர் எதிர். ‘சொட்டுவிடு ஆவியாக்கி’ என்று இடைவெளி விட்டே எழுதலாம். பயனரே சுருள் சுற்றித் திரி கோத்துக்கொள்ளும் பிற்கால வகைக்கு முன்னால் ‘கட்டுவகை’ சேர்த்தால் போதும்.

‘டிரிப் டிப்’புக்குச் ‘சொட்டுமுனை’ வேண்டாம். துளி விடுவதற்காக அகலத் துளையோடு வந்த பெயர் அது. இன்று துளியே விடாத தொட்டி வகைகளிலும் அதே பெயரில் மாட்டுகிறார்கள். உதடு படும் இடம் என்பது எல்லாவற்றுக்கும் பொது, ஆகவே ‘வாய்முனை’. ‘மாட்’ என்பதும் இன்று மாற்றியமைத்ததைக் குறிப்பதில்லை, மின்கலப் பெட்டியையே குறிக்கிறது. ‘மின்கலப் பெட்டி’ என்றே பெயர்த்துவிடலாம்.

இன்னொன்று: சொட்டுவிடல் பதிவின் விளக்கத்தில், நீர்மத்திலுள்ள நிகோட்டின் தோல் வழியாகவும் உடலில் ஏறும் என்ற வரி கட்டாயம் வேண்டும். திறந்த குப்பியை அடிக்கடி கையாளும் முறை இது.

‘காந்தல்’ வட்டார வழக்காகத் தோன்றினால் சொல்லுங்கள். பிற முன்மொழிவுகளுக்கு மறுப்பு இருந்தால் காரணத்தோடு எழுதுங்கள், பட்டியலைத் திருத்தி அனுப்புகிறேன்.